பிஸ்கா காட்டில் பிளாக் மவுண்டன் சுற்று: ஹார்ட்டெயிலில் போகலாமா?

சார்லட்காரன் (கேள்வி)

வணக்கம். நவம்பர் முதல் வார இறுதியில் நானும் கேரியில் இருக்கும் நண்பரும் வட கரோலினா மலைப் பக்கம் இருக்கும் பிரெவார்ட் ஊருக்குப் போகிறோம். பிஸ்கா தேசிய வனத்தில் பிளாக் மவுண்டன் சுற்றை மலை சைக்கிளில் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இங்கே சார்லட்டில் ஒயிட்வாட்டர் சென்டர் பாதைகளிலும், நேரம் கிடைத்தால் லேக் நார்மன் மாநிலப் பூங்காவிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். காலையில் கிளம்பினால் 20 மைல் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பிளாக் மவுண்டன் சுற்று மொத்தமே ஏறக்குறைய 15 மைல்தான். ஆனால் போய்வந்த எவரைக் கேட்டாலும் ஒரு நாளை முழுசாக ஒதுக்கு என்கிறார்கள், ஏன் என்று கேட்டால் போய்ப் பார் தெரியும் என்று முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே விவரமாகக் கேட்கிறேன்.

என்னுடையது 29 அங்குலச் சக்கரம் வைத்த ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி), முன் ஃபோர்க் 120 மில்லிமீட்டர், ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் சீட்போஸ்ட் இருக்கிறது. நண்பருடையது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. அவர் மகனுக்கு 15 வயது, பள்ளி சைக்கிள் அணியில் ஓட்டுகிறான், அவனும் வருகிறேன் என்று அடம்பிடிக்கிறான். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், ஹார்ட்டெயிலில் இறங்க முடியுமா, பையனைக் கூட்டிப்போகலாமா, அந்தச் சமயத்தில் சருகு எப்படி இருக்கும்? மழை பெய்தால் என்ன செய்வது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊசிவளைவு

முதலில் அந்த மைல் கணக்கை விட்டுவிடுங்கள். ஒயிட்வாட்டர் சென்டரில் இருப்பது சைக்கிளுக்கென்றே வெட்டிய பாதை. மேட்டின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும், வளைவில் கரை கட்டியிருக்கும், தண்ணீர் பக்கவாட்டில் வடிந்துவிடும், அதனால் நீங்கள் வேகத்தை விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். பிஸ்காவில் கதையே வேறு. வாண்டர்பில்ட் குடும்பத்தின் நிலமாக இருந்த காடு அது, 1914-இல் சுமார் 86,700 ஏக்கரை எடித் வாண்டர்பில்ட் அரசுக்கு விற்றார், 1916-இல் தேசிய வனமானது. அதற்கு முன்னும் பின்னும் மரம் வெட்டி இழுத்த தடங்களும் ஆள் நடந்து போன தடங்களும்தான் இன்றைக்கு நாம் ஓட்டும் பல பாதைகளுக்கு அடிப்படை. நடக்கிறவன் முகட்டில் நேராக ஏறி நேராக இறங்குவான். பாதை நேராக இறங்கினால் மழைத் தண்ணீரும் அதிலேயே நேராக இறங்கும், மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும், மிச்சம் நிற்பது பாறையும் வேரும்தான். பிரெவார்ட் வட்டாரத்தில் ஆண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் மழை. இத்தனை வருஷம் அது ஓடினால் பாதை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் 15 மைல் ஒரு நாளைத் தின்பதற்குக் காரணம் இதுதான்.

சுற்றும் திசை: கடிகார முள் போகும் திசையில் போங்கள், வேறு யோசனையே வேண்டாம். 276-ஆம் நெடுஞ்சாலையில் வன அலுவலகம் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சாலையிலேயே கொஞ்ச தூரம் மேலே போய், வலது கையில் 477 என்ற சரளைச் சாலையில் ஏறுங்கள். குதிரை லாயம் வரும். அங்கிருந்து கிளாஹேமர் ரோடு. இது பழைய வனச் சாலை, வாகனம் போகாது, அகலமாக இருக்கும், ஆனால் விடாமல் ஏறிக்கொண்டே போகும். இங்கே யாரும் வேகம் காட்ட வேண்டாம், பேசிக்கொண்டே மிதிக்கிற அளவுக்கு மிதியுங்கள், ஏனென்றால் உண்மையான வேலை பக்ஹார்ன் கணவாய்க்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அங்கே ஒற்றையடிப் பாதை உங்கள் ஏற்றத்தைக் குறுக்கே வெட்டும். தெற்கே திரும்ப வேண்டும்.

திரும்பியவுடன் எடுத்த எடுப்பிலேயே செங்குத்து. பாதி இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், சில இடத்தில் தூக்க வேண்டியிருக்கும், நல்ல காலுள்ள உள்ளூர்க்காரர்களும் தள்ளித்தான் போகிறார்கள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்குக் கீழே ஃபிரேமில், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்து, பிரேக்கை விட்டு வண்டியைத் தள்ளி, மறுபடி பிடித்து மறுபடி ஓர் அடி. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் முதுகு தப்பிக்கும். வழவழப்பான கார்பன் அடி வைத்த ரேஸ் ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள், பாறையில் கால் நிற்காது. கிளாஹேமர் மலை 4,000 அடிக்கு மேல். இலை உதிர்ந்த பிறகு போகிறீர்கள் என்பதால் மேலே பாறைத் திட்டில் நின்றால் லுக்கிங் கிளாஸ் பாறை வெளேரென்று எதிரே தெரியும், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

அங்கிருந்து பிரெஸ்லி கணவாய் வரை இறக்கம். சுற்றிலேயே மோசமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், நல்ல பகுதி எது என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். இருபுறமும் ரோடோடெண்ட்ரான் புதர் தலைக்கு மேல் கூடி நிற்கும், பாதை நடுவில் குழிந்து ஓடும், அதில் முழங்கால் உயரப் படி ஒன்று வரும், படியின் விளிம்பிலேயே கைத்தடி கனத்தில் ஒரு வேர் சாய்வாகக் கிடக்கும். வேர் குறுக்காகக் கிடந்தால் பயமில்லை, சாய்வாகக் கிடந்தால் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். அதனால் படிக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர் மேல் சக்கரம் ஏறும் நேரத்தில் பிரேக்கைச் சுத்தமாக விட்டுவிட வேண்டும், சீட் கீழே, குதிகால் கீழே, பாரம் முழுக்கப் பெடலில், கண் படியில் இல்லாமல் அதற்கு அடுத்த பத்தடியில். ஹார்ட்டெயிலில் தாராளமாக இறங்கலாம். மெதுவாக இறங்குவீர்கள், அவ்வளவுதான். இந்த மலையில் மெதுவாக இறங்கத் தெரிந்தவன்தான் நன்றாக ஓட்டுகிறவன் என்பது என் கருத்து.

பிரெஸ்லி கணவாயில் சரளைச் சாலை குறுக்கே வரும். உடம்பு முடியவில்லை, வெளிச்சம் குறைகிறது, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்றால் அங்கேயே வெளியே வந்துவிடலாம். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் முடிவெடுப்பது கஷ்டம். மேலே தொடர்ந்தால் ஹிக்கரி நாப் என்று இன்னொரு மேடு, மறுபடி கொஞ்சம் தள்ளல், அப்புறம் மேக்ஸ்வெல் கணவாய், அங்கிருந்து கீழ்ப் பகுதி. அது வேகமாக ஓடும் பகுதி, தண்ணீரைத் திருப்பிவிடப் போட்ட மண் மேடுகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் வண்டியைத் தூக்கிவிடும். கை சோர்ந்திருக்கும் நேரத்தில் வருகிற வேகம் அது, கவனம். நடந்து ஏறுகிறவர்களும் எதிரே வருவார்கள், அவர்களுக்கு நாம்தான் நின்று வழிவிட வேண்டும்.

நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள், ஐந்தரை மணிவாக்கில் சூரியன் போய்விடும், புதருக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். காலை ஒன்பதுக்கு மிதிக்க ஆரம்பித்துவிட வேண்டும். நெற்றி விளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

பின்சக்கரம்

மேலே சொன்னது எல்லாம் சரி. வண்டி பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பிஸ்காவில் பலருடைய நாள் கெட்டுப்போவது காலால் இல்லை, பின் டயரால்.

ஹார்ட்டெயிலில் பின் சக்கரத்துக்கு வரும் அடி எல்லாம் நேராக ரிம்முக்குப் போகும். சார்லட்டில் ஓட்டுகிற மெல்லிய பக்கச்சுவர் டயரோடு வந்தால் அந்த முதல் இறக்கத்திலேயே பாறை விளிம்பில் கிழியும். பக்கச்சுவர் தடித்த டயர், 2.4 அங்குலம், டியூப்லெஸ், முடிந்தால் உள்ளே நுரை இன்ஸர்ட் ஒன்று. உங்கள் எடை 75 கிலோ வாக்கில் என்றால் டயர் காற்றழுத்தத்தை முன்னால் 21 அல்லது 22 பிஎஸ்ஐ, பின்னால் 25 அல்லது 26-இல் ஆரம்பித்துப் பாருங்கள். காற்றைக் கூட்டி வைத்தால் கிழியாது என்று நினைக்க வேண்டாம், கூட்டினால் ஈர வேரில் டயர் பிடிக்கவே பிடிக்காது. டியூப்லெஸ் சீலன்ட் (டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்) போட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தால் உள்ளே காய்ந்திருக்கும், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். குச்சி நனையவில்லை என்றால் புதிதாக ஊற்றுங்கள்.

பிரேக் பேட். ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரத்தில் மணல் கலந்த சேறு பட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிமானமும் குறையும். அந்த மலைக்கு மெட்டல் பேட்தான் பொருத்தம். பாதி தேய்ந்த பேடோடு போகாதீர்கள், மாற்று ஜோடி ஒன்றைப் பையில் வையுங்கள். முன் சங்கிலிப் பல்சக்கரம் 32 பல் என்றால் போதும், 30 இருந்தால் கிளாஹேமர் ரோட்டில் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

பையில் வேண்டியது: டெரெய்லர் ஹேங்கர் ஒன்று (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு, உங்கள் ஃபிரேமுக்கே உரியது, கடையில் கேட்டால் எல்லா மாடலுக்கும் கிடைக்காது), செயின் இணைக்கும் குயிக் லிங்க், டியூப் ஒன்று, டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், கையால் அடிக்கும் பம்பு. காற்றுக் குப்பியை மட்டும் நம்ப வேண்டாம். டயர் உள்ளே கிழிசலுக்கு வைக்க ஒரு டாலர் நோட்டோ சாக்லேட் உறையோ போதும், அது வேலை செய்யும். எங்காவது மொபைல் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், காட்டுக்குள் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் ஊசிவளைவு சொன்னதிலிருந்து விலகுகிறேன். ஹார்ட்டெயிலில் தாராளமாக இறங்கலாம் என்பது அங்கே பழகியவர் சொல்வது. புதிதாகப் போகிறவருக்குக் கை, முதுகு, கணுக்கால் எல்லாம் ஹிக்கரி நாப் வருவதற்குள் விட்டுப்போகும். பிரெவார்டில் வாடகைக்கு நல்ல முழு சஸ்பென்ஷன் வண்டி கிடைக்கிறது, முதல் தடவைக்கு அதை எடுப்பது நல்லது. இ-பைக் எடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வனத்துறை இ-பைக்கை மோட்டார் வாகனமாகவே கணக்கிடுகிறது, இந்த ஒற்றையடிப் பாதைகளில் அனுமதி இல்லை.

வனமல்லி

பையனைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஆஷ்வில்லில் இருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளோடு அடிக்கடி ஓட்டுவேன், அதனால் சொல்கிறேன். அணியில் ஓட்டுகிற 15 வயதுப் பையனுக்கு மூச்சும் காலும் உங்கள் இருவரையும் விட நன்றாகவே இருக்கும். ஏற்றத்தில் அவனுக்காக நீங்கள் காத்திருக்க மாட்டீர்கள், அவன்தான் உங்களுக்காகக் காத்திருப்பான். கவலை இறக்கத்தில்தான். பந்தயத்தில் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு நின்று பார்க்கும் பழக்கம் இருக்காது, இந்தப் பாதையில் கண்ணுக்குத் தெரியாத படியை நின்று, இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அது கோழைத்தனம் இல்லை என்று அப்பா சொல்வதை விட நீங்கள் சொன்னால் கேட்பான்.

என் யோசனை: சனிக்கிழமை மூவரும் டூபான்ட் மாநில வனத்துக்குப் போங்கள், பிரெவார்டிலிருந்து பக்கம்தான். அங்கே ரிட்ஜ்லைன் என்று ஒரு பாதை, சார்லட்டில் ஓட்டுகிற மாதிரியே ஓடும், பையன் ஆசை தீர ஓட்டட்டும். அப்புறம் சீடர் ராக், பிக் ராக் இரண்டிலும் வெறும் கிரானைட் பாறை மேல் ஏறி இறங்குங்கள். பாறையில் டயர் எவ்வளவு பிடிக்கும், எந்தச் சரிவில் பிரேக்கை எப்படிப் பிரித்துப் பிடிப்பது என்று அங்கே கை பழகிவிடும். பையன் அதில் நிதானமாக இறங்குகிறான் என்று கண்ணால் பார்த்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பிளாக் மவுண்டன். சந்தேகம் இருந்தால் முழுச் சுற்று வேண்டாம், திரிஃப்ட் கோவ் பாதை வழியாக ஏறி, கீழ்ப் பகுதியை மட்டும் இறங்கி வாருங்கள், அதுவே அவனுக்கு நல்ல ருசி காட்டிவிடும். முழங்கால் காப்பு மூவருக்கும் கட்டாயம்.

சருகு பற்றிக் கேட்டீர்கள். நவம்பர் தொடக்கத்தில் அந்த உயரத்தில் பாதி மரம் மொட்டையாகி இருக்கும், பாதை முழுக்கச் சருகு. அழகு சொல்லி மாளாது. ஆனால் குழிக்குள் சருகு நிரம்பிச் சமமாகத் தெரியும், அடியில் கல் இருக்கும், முன் சக்கரம் திடீரென்று உள்ளே போகும். காய்ந்த சருகை விட அடியில் ஈரம் தேங்கிய சருகுதான் ஆபத்து, மேலே காய்ந்த மாதிரித் தெரியும், டயர் பட்டதும் அடுக்கு அடுக்காக வழுக்கும். சருகு குவிந்த வளைவில் வண்டியைச் சாய்க்காமல் ஹேண்டில்பாரைத் திருப்பி மெதுவாகப் போங்கள்.

மழை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். இங்கே சிலர் பிஸ்கா என்றாலே ஈரம்தான், பெய்தால் பெய்யட்டும் என்று ஓட்டுவார்கள். பாறை மேல் அது பாதகமில்லை. ஆனால் பாறை இல்லாத மண் பகுதியில் ஈரத்தில் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்கினால் ஒரு கோடு விழும், அடுத்த மழைத் தண்ணீர் அந்தக் கோட்டில்தான் ஓடும், ஒரு குளிர்காலம் போனால் அது வாய்க்காலாகிவிடும். சனிக்கிழமைகளில் மண்வெட்டியும் ரம்பமும் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் நடந்து போய் அதைச் சரிசெய்கிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்து போன பிறகு இந்த மலைகளில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டிப் பாதை திறந்துவிட்டதிலும் அவர்கள் கை பெரியது. அதனால் முந்தின நாள் கனமழை என்றால் ஒற்றையடிப் பாதையைத் தொடாதீர்கள். 477-உம் கிளாஹேமர் ரோடும் சரளைதான், பக்ஹார்ன் கணவாய் வரை ஏறிவிட்டு அதே வழியில் திரும்புங்கள், அதுவும் நல்ல நாள்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறை அறிவிப்பில் மூடிய பாதைகள் எவை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு. வேட்டைப் பருவம் அது, மூவரும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். குளிர் சரியாக விழவில்லை என்றால் மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவி இன்னும் இருக்கும். முதலில் போகிறவர் கூட்டைக் கிளப்பிவிட்டுப் போய்விடுவார், கொட்டு வாங்குவது பின்னால் வருகிறவர்தான். யாராவது குளவி என்று கத்தினால் நிற்காமல் மிதித்துக்கொண்டே போய்விட வேண்டும். யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் ஊசி மருந்து கையோடு இருக்கட்டும்.

சார்லட்காரன்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை டூபான்ட், ஞாயிறு பிளாக் மவுண்டன் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். பையனிடம் நான்தான் பேசப்போகிறேன். டயரை மாற்றிவிடுகிறேன், வண்டியை வாடகைக்கு எடுப்பதா என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, என் வண்டியிலேயே அந்த மலையை இறங்க வேண்டும் என்று மனசு சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு தூக்க வேண்டும்? வழியில் ஓடை இருக்குமா?

ஊசிவளைவு

உங்கள் வண்டியிலேயே போங்கள் அண்ணா. பின்சக்கரம் சொன்ன டயரும் பேடும் போட்டுக்கொண்டு, டூபான்ட் பாறையில் முதுகும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வலி இருந்தால் வாடகைக் கடை ஊரிலேயேதான் இருக்கிறது, அன்றைக்கே பேசி வைத்துவிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டராவது முதுகுப் பையில் இருக்கட்டும். 477-ஐ ஒட்டி ஏவரி ஓடை ஓடும், கிளாஹேமர் ரோட்டிலும் ஆரம்பத்தில் வடிகால்கள் குறுக்கே வரும், ஆனால் பக்ஹார்ன் தாண்டி முகட்டில் ஏறிவிட்டால் நம்பிப் போக ஓடை கிடையாது. ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க வேண்டாம், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் சரி. சாப்பாட்டை காரில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகாதீர்கள், கருங்கரடி நடமாடும் காடு அது. எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்தால் மேலே பாறைத் திட்டுக்கு எடுத்துப்போய்விடுங்கள், இலையையோ பொட்டலத்தையோ திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

வனமல்லி

நான் அந்த ஞாயிறு காலை வன அலுவலகம் பக்கம்தான் இருப்பேன், பாதை வேலைக்கு வருகிறோம். மேலே மரம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டுமானால் ஆரஞ்சுத் தொப்பி போட்ட கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அன்றைய நிலவரம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.